ஏழு முடிச்சு ஆழம்

…ஆறு இல்லை, ஏழு, நோட்டில் ஆறு என்று எழுதிவிட்டேன், தப்பு, கடைசி முடிச்சும் நனைந்திருக்கிறதே, மீட்டருக்கு ஒரு முடிச்சு என்று நேற்று மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் நானே அளந்து போட்டது, எண்ணிக்கை எப்படித் தவறும், சரி, எதற்கும் இன்னொரு தரம் இறக்கிப் பார்த்துவிடலாம், கல் போகிறது, போகிறது, கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டே போகிறது, இதோ தட்டிவிட்டது, மெத்தென்று, ஏரிச் சேறு, பாறையில் மோதின மாதிரி இல்லை, நல்லது. "அந்தக் கல்லுக்கே மூச்சு முட்டும் இத்தோ, எத்தனை தடவைதான் முக்குவ?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்கிறான் மிமூன், துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, என் புருஷன், எங்கள் ஊர் கெனிஃப்ராவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் டயர்க் கடை வைத்திருப்பவன், இந்த ரப்பர் படகில் நாலு இடத்தில் ஒட்டுப் போட்டவனும் அவன்தான். முக்குவேன், உனக்கென்ன, பாறையின் நேர் கீழே ஒரு தரம், இரண்டு எட்டு வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம், முன்னால் தள்ளி ஒரு தரம், மனுஷி கோடு போட்ட மாதிரி நேராகவா விழுவாள், காற்று தள்ளும், பயம் தள்ளும், யம்னாக்கா மாதிரி ஆளென்றால் சிரிப்பே தள்ளிவிடும்… ஏழு, ஏழு, ஆறரை, ஏழு. மேலே நாங்கள் குதிக்கப்போகிற பாறை விளிம்பு நாலு மீட்டர், அதையும் இதே கயிற்றை மேலிருந்து தொங்கவிட்டு அளந்தாயிற்று. நாலு உயரத்துக்கு ஏழு ஆழம். போதும் என்று மனசு சொல்கிறது, மனசு சொல்வதை எழுத நோட்டில் இடமில்லை, ஏழு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போடுகிறேன்.

பதினேழு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவள் வேறு எப்படி இருப்பாள், சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்கு அப்புறம், இதையும் அதையும் சேர்த்துப் போடாதீங்க, குலுக்கிட்டுக் குடிங்க, இப்படிச் சொல்லிச் சொல்லியே தூக்கத்திலும் நான் அப்படித்தான் பேசுகிறேனாம், மிமூன் சொல்வான். கரையில் அதோ இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், யம்னாக்காவும் ரக்கியாவும், ஒருத்தி பஸ் நிலையத்து வாசலில் விடிகாலையிலிருந்து மடக்கு ரொட்டி சுட்டு விற்கிறவள், ஐம்பத்தெட்டு வயசு, ஒருத்தி பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர், முப்பது ஆகவில்லை, மூன்று பேரையும் சேர்த்து வைத்தது நகராட்சி நீச்சல் குளத்தின் செவ்வாய்க்கிழமை, பெண்களுக்கான ஒரு மணி நேரம். இரண்டு வருஷம் முந்தி மூன்று பேரும் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரி கால் உதைத்துக்கொண்டிருந்தோம், இன்றைக்கு இருபது தரம் போய்வருகிறோம், நிற்காமல், அதிலும் யம்னாக்கா மூச்சு விடும்போதெல்லாம் பேசிக்கொண்டே. ஏரியில் குதிக்கலாம் என்று ஆரம்பித்ததும் அவள்தான், உடை மாற்றுகிற அறையில் தலை துவட்டிக்கொண்டே. "மண்டியிட்டு மண்டியிட்டு மாவு பிசைஞ்சே என் பாதி ஆயுசு போச்சுடி, ஒரு தடவையாவது உசரத்துல இருந்து விழணும்." "விழறதுக்கு ஏன்க்கா ஏரி, உங்க மாடிப்படி போதாதா" என்று ரக்கியா. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் சிரிக்கும்போதே என் வாய் சொல்லிவிட்டது, சரி, போகலாம், ஆனா ஏற்பாடு முழுக்க என்னோடது, நான் வேண்டாம்னா வேண்டாம்… ஏன் சொன்னேன்? இந்த ஏரியின் இந்தப் பக்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகக் காலெடுத்து வைக்காத நான்?

"அந்தப் பக்கமும் அளந்துடலாமா?" என்கிறான் மிமூன். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லாரும் குதிக்கிற விளிம்பு அது, பத்து துடுப்பு தள்ளி, தட்டையாக, நிற்க வசதியாக, மேலே ஒரு தேவதாரு நிழல்கூட உண்டு. நாலு வருஷம் மழையில்லாமல் ஏரி சுருங்கிக் கிடந்தபோது யாரும் குதிக்கவில்லை, இந்தக் குளிர்காலத்துப் பனி உருகித் தண்ணீர் ஏறினதும் போன வெள்ளிக்கிழமையே பையன்கள் கூட்டம் வந்து குதித்துவிட்டுப் போயிருக்கிறதாம், ஆழமெல்லாம் பழைய ஆழம்தான் என்று. அதனால்தான் நான் திங்கட்கிழமைக் காலையைப் பிடித்தேன், கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை, உசுப்பேற்ற ஆள் இல்லை. படகு அந்த விளிம்பின் நிழலுக்குள் போகிறது. தண்ணீர் அங்கேயும் அதே பச்சை, பார்த்தால் இதைவிட ஆழம் என்றுதான் தோன்றும், கயிற்றை விடுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்றாவது முடிச்சு தண்ணீரைத் தொடுமுன்பே, டொக். கைவிரலில் அந்தச் சத்தம் ஏறுகிறது. ஒரு எட்டு தள்ளி விடுகிறேன், ஆறு. இந்தப் பக்கம் ஆறரை. மறுபடி நடுவில், டொக். ஒரு மாட்டுவண்டி அகலம் இருக்கும், அவ்வளவுதான், ஏரி முழுக்க ஆழமாக இருந்துகொண்டு சரியாக அந்த ஓர் இடத்தில் முதுகைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் கயிற்றை இழுக்கவுமில்லை, விடவுமில்லை. அவன் எட்டிப் பார்க்கிறான், பச்சைத் தண்ணீரில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்க்கிறான், அப்புறம் வலது கையை நெஞ்சில் வைத்து மெல்லத் தலையைச் சாய்க்கிறான். "சலாம் சொல்லு இத்தோ. நம்ம கல்யாணத் தரகர்."

சிரித்துவிட்டேன், சிரிக்காமல் என்ன செய்ய, கயிற்றை இன்னொரு தரம் தட்டிப் பார்க்கிறேன், இதுதானா அது, இவ்வளவு நாளும் நான் அதை ஊசி மாதிரி, கத்தி மாதிரி ஒரு பாறையாக நினைத்துக்கொண்டிருந்தேன், தொட்டால் மொட்டையான ஒரு பழைய கல். என் வீட்டாரும் மிமூன் வீட்டாரும் ஒரே நாளில் இந்தக் கரைக்கு வந்திருந்தோம், வசந்த காலம், ஆட்டுக்கறி சட்டியில் வெந்துகொண்டிருந்தது, எனக்கு இருபத்தொன்று, பெரியம்மா பெண்கள் மூன்று பேர் என்னோடு, அந்த வீட்டுப் பையன்களில் ஒருவன் மேலே ஏறி விளிம்பில் நின்றான், நெட்டை, புதுச் சட்டை, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஏரிக்கே ராஜா மாதிரி. எனக்கு வாய் சும்மா இருக்குமா. "என்ன, ஊரைப் பார்க்க ஏறினியா, இல்ல இறங்க வழி தெரியலியா?" என்று கத்தினேன். பெண்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சளப்பென்று தண்ணீர்ச் சத்தம், அப்புறம் சத்தமே இல்லை, அப்புறம் அவன் அண்ணன்கள் ஓடின ஓட்டம். இடது குதிகால் எலும்பு மூன்றாக. மூன்று மாசம் மாவுக்கட்டு. ஆரஞ்சுப் பழம் எடுத்துக்கொண்டு என் அம்மாவோடு பார்க்கப் போனேன், தலையைக் குனிந்துகொண்டே போனேன், குனிந்த தலையைப் பார்த்து அவன் கேட்டான், இறங்க வழி கண்டுபிடிச்சுட்டேன் பார்த்தியா, என்று. அடுத்த வருஷம் கல்யாணம். கல்யாணத்தில் பெண்கள் வட்டமாக நின்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள், ஒருத்தன் பொன் கொடுத்தான் ஒருத்தன் குதிரை கொடுத்தான் மிமூன் குதிகாலைக் கொடுத்தான் என்று, ஊரே கைதட்டினது, நானும் முகத்திரைக்குள் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மருதாணிக் கையை இறுக மூடிக்கொண்டேன்.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, அதற்கு ஒரு மனிதன் ஆயுசு முழுக்கப் பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடக்கிறான். பனி கொட்டுகிற மாசங்களில் அந்தக் குதிகாலுக்குத் தைலம் தேய்ப்பது நான்தான், கடையில் புதுத் தைலம் எது வந்தாலும் முதலில் நம் வீட்டுக்கு, ஜாக்கி வைத்து லாரிச் சக்கரம் தூக்கிவிட்டு வரும்போது வாசற்படியில் இடது கால் ஒரு கணம் தயங்கும், அந்தத் தயக்கத்தின் சத்தத்தை நான் அடுப்படியிலிருந்தே கேட்பேன். அவன் ஒரு நாளும் குத்திக் காட்டினதில்லை. நான்தான்… மகள் சைக்கிள் கேட்டால் இரண்டு மாசம் யோசித்தேன், யாரிடமும் வேடிக்கைக்குக்கூட, எங்கே செய் பார்க்கலாம் என்று சொன்னதில்லை, கடையில் சின்னச் சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டிக் கொடுப்பேன், ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்துக் காட்டுவேன், ஜனங்கள் இத்தோ நல்ல கவனம் என்கிறார்கள். கவனமா, பயமா, வேறு ஏதாவதா… சரி, படகு கரைக்கு வந்துவிட்டது, எழுந்திரு, நோட்டை எடு.

"டீச்சர் நான், பாடம் நடத்தறது நீங்க" என்கிறாள் ரக்கியா, காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே. ஆமாம், நடத்துவேன். தலைகீழாகப் பாயறது கிடையாது, யாரும், எவ்வளவு ஆசை வந்தாலும். காலை நேராக, இரண்டையும் ஒட்டி, கையை நெஞ்சோடு சேர்த்து, தாடையைக் கீழே, விழும்போது தண்ணீரைப் பார்க்கக்கூடாது எதிர்க்கரையைப் பார்க்கணும். காலணியைக் கழற்றக் கூடாது. ஒருத்தி குதித்துக் கரை ஏறும்வரை அடுத்தவள் விளிம்பிலிருந்து மூன்று எட்டு பின்னால். மிமூன் படகோடு இடப்பக்கம் நிற்பான், குதிக்கிற இடத்தில் இல்லை, லாரி டியூப் இரண்டும் அவனிடம், ஒன்றில் கயிறு கட்டியிருக்கிறது, வீசினால் பிடித்துக்கொள்ள. கரையேறுகிற இடம் அதோ அந்தச் சரிவு, வேறெங்கேயும் தொற்றக்கூடாது, பாசி. போன் இங்கே எடுக்காது, வேன் நிற்கிற மேட்டில் எடுக்கும், சாவி வேனிலேயே இருக்கிறது, வனக்காவலரிடம் வரும்போதே சொல்லியாயிற்று, பன்னிரண்டு மணிக்குள் நாங்கள் திரும்பிப் போகாவிட்டால் அவர் வருவார். "பன்னண்டுக்குள்ள நான் குதிக்கலேன்னா நானே அவரைக் கட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்கிறாள் யம்னாக்கா. "அக்கா, கேளுங்க." "கேட்டுட்டேன்டி, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, குலுக்கிட்டுக் குதிக்கணும்." மிமூன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான், தோள் குலுங்குகிறது. குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற தண்ணீருக்கென்று எங்கள் கடையில் விற்கிற மஞ்சள் வாத்து வெப்பமானியை ஏரியில் மிதக்கவிட்டேன், பத்தொன்பது காட்டுகிறது, மேல்தண்ணீர்தான் பத்தொன்பது, கீழே இன்னும் குளிரும், அதனால் முதலில் எல்லாரும் கரையோரமாக இறங்கி உடம்பை நனைத்து, மூச்சு சீராகும்வரை நீந்தி, அப்புறம்தான் மேலே ஏறணும். யம்னாக்காவின் நீள மேல்சட்டை தண்ணீரில் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு மேலே எழும்புகிறது, "அல்லாவே, ரொட்டி உப்பிடுச்சு" என்று அவளே கத்துகிறாள், அதை இடுப்போடு சேர்த்து டயர்க் கடைக் கயிற்றால் நானே இறுகக் கட்டிவிட்டேன், வேண்டாம் வேண்டாம் என்று கிச்சுகிச்சு மூட்டின மாதிரி நெளிகிறாள், ஐம்பத்தெட்டு வயசு…

ஏறுகிறோம். பாறை இடுக்கில் கால் வைத்து ஏற ஐந்தே நிமிஷம், மேலே வந்தால் வெயில், தைம் மூலிகைப் புதரின் வாசனை, தூரத்துத் தேவதாருக் கிளையில் குரங்குக் கூட்டம் ஒன்று உட்கார்ந்து எங்களையே பார்க்கிறது, பார்க்கட்டும், எங்களைவிட வேடிக்கை அவற்றுக்கு இன்று கிடைக்காது. முதலில் நான். ஏற்பாடு செய்தவள்தான் முதலில், அதுவும் நோட்டில் இருக்கிறது. விளிம்பு. நாலு மீட்டர், நாலு முடிச்சு, அவ்வளவுதானே, எங்கள் கடை மாடி ஜன்னல் உயரம்… கீழேயிருந்து அளக்கும்போது நாலு நாலாகத்தான் இருந்தது, மேலே நின்று பார்த்தால் ஏழும் சேர்ந்து தெரிகிறது, தண்ணீருக்குள் இருக்கிற ஏழும். கால் விரல்கள் காலணிக்குள் சுருண்டுகொள்கின்றன. படகு கைக்குட்டை மாதிரி, அதில் அவன். எல்லாம் சரியாக இருக்கிறதே, ஆழம் சரி, காற்று இல்லை, டியூப் சரி, ஒன்றும் விட்டுப்போகவில்லையே, பின்னே ஏன் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை, ஒருவேளை ஏதோ ஒன்றை அளக்க மறந்திருக்கிறேனா, இல்லை, பயம் தண்ணீரைப் பற்றி இல்லை, எனக்குத் தெரிகிறது, இப்படி ஒருத்தன் நின்றான், இதே மாதிரி வெயில், கீழே ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்… "என்னடி, ஊரைப் பார்க்க ஏறினியா?" என்கிறாள் யம்னாக்கா பின்னாலிருந்து, அவளுக்குத் தெரியாது, ஊரில் எல்லாருக்கும் குதித்த கதை தெரியும், நான் கத்தின வார்த்தை தெரியாது, யாரும் சொல்கிற கேலிதான் அது. ஆனாலும் நான் பின்னால் ஒரு எட்டு வைக்கிறேன். முடியாது. சொல்லிவிடலாம், காற்று சரியில்லை, இன்னொரு நாள்…

"இத்தோ!" கீழேயிருந்து. படகில் எழுந்து நிற்கிறான், எழுந்து நிற்காதே என்று நோட்டில் இருக்கிறது, நிற்கிறான். "இத்தோ, ஒண்ணு சொல்லட்டுமா? நான் குதிக்கல." எதை, என்ன சொல்கிறான், "இன்னைக்கு உன்னை யார் குதிக்கச் சொன்னா?" என்று கத்துகிறேன். "இன்னைக்கு இல்ல. அன்னைக்கு. அன்னைக்கு நான் குதிக்கவே இல்ல. வழுக்கி விழுந்தேன்." ஏரி அவன் குரலை எதிர்க்கரையில் மோதவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறது, விழுந்தேன், விழுந்தேன் என்று. யம்னாக்கா வாயைப் பொத்திக்கொள்கிறாள். "நீ கத்தினதும் எனக்குக் கை காலெல்லாம் உதறல். வந்த வழியாவே இறங்கிடலாம்னு திரும்பினேன். எங்கண்ணன் ஷூ, ஒரு சைஸ் பெருசு, அடி வழவழன்னு. அவ்வளவுதான். சர்ருனு போயிட்டேன்." "இருபத்திரண்டு வருஷமா ஏன்டா சொல்லலே?" டா என்று கத்திவிட்டேன், எல்லார் முன்னாலும், வாழ்க்கையில் முதல் தடவை. அவன் இரண்டு கையையும் விரிக்கிறான், படகு ஆடுகிறது. "யாரு கேட்டா? குதிச்சியான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? ஏன் குதிச்சேன்னுதானே எல்லாரும் கேட்டாங்க!" யம்னாக்காவுக்கு இனி பொறுக்காது, பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள், தொடையில் அறைந்து அறைந்து, "சைஸ் பெருசு… எங்கண்ணன் ஷூ…" என்று மூச்சு வாங்க, கல்யாணப் பாட்டை வேறு மாற்றிப் பாடுகிறாள், ஒருத்தன் பொன் கொடுத்தான், மிமூன் அண்ணன் ஷூவைக் கொடுத்தான், ரக்கியா கண்ணைத் துடைக்கிறாள், எனக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறது, விளிம்பில் நின்று சிரிக்கக்கூடாது, நான் எழுதாத விதி, மூன்று எட்டு பின்னால் வந்து நானும் உட்கார்ந்து சிரிக்கிறேன், குரங்குகள் கிளை மாறி உட்கார்கின்றன.

சிரிப்பு அடங்கினதும் முழங்கால் பழைய முழங்காலாக இருக்கிறது. ஆச்சரியம். எழுந்து, சட்டையை இழுத்துச் சரி செய்து, மூச்சை இரண்டு தரம் நிதானமாக விட்டு, கீழே பார்த்தேன், படகு இடப்பக்கம், அவன் உட்கார்ந்துவிட்டான், தண்ணீர் காலி, எதிர்க்கரையில் ஒற்றை மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், கையை நெஞ்சோடு சேர்த்து, ஒரு எட்டு, காற்றில்… அடடா, இவ்வளவுதானா, ஒரு நொடிகூட இல்லை, அதற்குள் எத்தனை நேரம், மரம் மேலே போகிறது, வயிறு தொண்டைக்கு வருகிறது, நான் கத்துகிறேனா, யாரோ கத்துகிறார்கள், அப்புறம் உள்ளங்காலில் பளார், பச்சை, பச்சை, குளிர் தலையை இறுகப் பிடித்துக்கொள்கிறது, காதுக்குள் குமிழிகள் கொதிக்கின்றன, கீழே இன்னும் இருக்கிறது, கால் எதையும் தொடவில்லை, எதையுமே தொடவில்லை, உதை, மேலே வெளிச்சம் ஒரு தட்டு மாதிரி, உதை, வெளிச்சம் உடைகிறது, காற்று! "இன்னொரு தடவை!" என்று கத்தினது நான்தானாம், மூச்சு வாங்குவதற்கு முன்பே, அப்புறம் மிமூன் சொன்னான். சரிவில் ஏறிக் கைகாட்டினேன். ரக்கியா வந்தாள், ஊசி மாதிரி, தண்ணீர்கூடச் சிதறவில்லை, டீச்சர் இல்லையா. அப்புறம் யம்னாக்கா, விளிம்பில் வந்து நின்றாள், பிஸ்மில்லா என்றாள், கூடவே அவள் ரொட்டி விற்கிற குரலில் "சூடா இருக்கு, சூடா இருக்கு, வழி விடுங்க!" என்று நீளமாக இழுத்துக்கொண்டே காலை எடுத்து வைத்தாள், கை நெஞ்சில் ஒட்டி, தாடை கீழே, நான் சொன்னது ஒன்று விடாமல், ஏரி அவளை ஒரு பெரிய சத்தத்தோடு வாங்கிக்கொண்டது, மேலே வந்தபோது தலைத்துணி ஒரு பக்கம், முகமெல்லாம் பல். "இத்தோ, செத்தா இப்படித்தான்டி இருக்கணும், ஆனா உடனே திரும்பி வந்துடணும்." டியூபைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தாள், வானத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்தாளா அழுதாளா என்று நான் கவனிக்கவில்லை, கவனிக்கவேண்டாம் என்று தோன்றிற்று.

மூன்று தடவை ஆகிவிட்டது ஆளுக்கு. நாலாவது கிடையாது என்று சொல்லிவிட்டேன், உடம்பு களைத்தால் கால் கோணும், யம்னாக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையோரத்தில் ரக்கியாவோடு சும்மா நீந்திக்கொண்டிருக்கிறாள், நான் துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில், பல் இன்னும் கொஞ்சம் தந்தியடிக்கிறது, மிமூன் பக்கத்தில், புதினாத் தேநீர், வேகவைத்த முட்டை, இடது காலை நீட்டிக்கொண்டு அவன் முட்டையை உரிக்கிறான், வடு வெயிலில் வெள்ளையாக. உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம், ஒரு ஷூ, சிரிக்காமல் என்ன, வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லணும், உங்கப்பா… உண்மையாகவே வழுக்கினானா? நிஜமாக? என் முழங்கால் உதறினதைக் கீழேயிருந்து பார்த்திருப்பான், அவன் கண் கூர்மை, நட்டு லூஸானதைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறவன், அந்த நேரத்தில் என்னைப் பாறையிலிருந்து கிளப்ப ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, உடனே ஒரு ஷூவை உண்டாக்கினானா… செய்வான், செய்யக்கூடியவன்தான். இல்லை, அண்ணன் ஷூ என்றது உண்மை, ஆஸ்பத்திரிக்கு அவன் அண்ணன் வெறுங்காலோடு வந்தது எனக்கு ஞாபகமிருக்கிறது, இருக்கிறதா, அல்லது இப்போது ஞாபகம் வருகிற மாதிரி இருக்கிறதா? நான் பார்த்தேனே, கையை விரித்துக் காற்றில்… பார்த்தேனா? கத்தினேன், சிரித்தேன், அப்புறம் திரும்பிப் பெரியம்மா பெண்களைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். சளப்பென்று கேட்டபோது என் முதுகு ஏரிப்பக்கம். நான் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் பார்த்த மாதிரியே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடச் சின்னது, யாரிடமும் சொல்ல முடியாது. வழுக்கி விழுந்தேன் என்று அவன் கத்தினானே, சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம், கண் சிமிட்டுகிற நேரம், அப்போது என் நெஞ்சில் வந்தது பாரம் இறங்கின மாதிரி இல்லை. யாரோ மணிக்கட்டிலிருந்து வளையலைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்ட மாதிரி. எனக்காக ஒருத்தன் பாறையிலிருந்து குதித்தான். மருந்துக்கடையில் நிற்கும்போது, பனிநாளில் தைலம் தேய்க்கும்போது, என்னால்தானே என்று குமைந்தேனே, அந்தக் குமைச்சலுக்குள் கையை விட்டால் அடியில் இதுதான் இருந்திருக்கிறது, வெதுவெதுப்பாக, எனக்காக. அதையா இத்தனை நாள் பாவம் பாவம் என்று தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தேன்? கேட்டுவிடலாம், இப்போது, அந்த இரண்டு பேரும் தூரத்தில் இருக்கிறார்கள், கேட்டால் பொய் சொல்லமாட்டான், என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு வராது. குதித்தேன் என்றால் பழைய குற்றம் திரும்பி வரும், வழுக்கினேன் என்றால்… எதைச் சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்? தெரியவில்லை, வேடிக்கையைப் பார், என் ஆசை எனக்கே தெரியவில்லை. "என்ன அப்படிப் பார்க்கிற?" என்கிறான், உரித்த முட்டையை சீரகப்பொடியில் தொட்டு என் பக்கம் நீட்டிக்கொண்டே. வாயைத் திறந்துவிட்டேன், கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது, முட்டையை வாங்கி ஒரு கடி கடிக்கிறேன். "உப்பு கொஞ்சம் கம்மி" என்கிறேன்.